நன்னடத்தை

சோஹார் அரசு சுகாதார நிலையத்தில்
மருந்தகத்துக்கும் எக்ஸ்ரேவுக்கும் நடுவே
பழைய ஸ்டோர் அறையைக் காலி செய்து
வெள்ளையடித்தார்கள்.
ஏ.சி. புதிது. நாற்காலிகள் புதிது.
அமைச்சகத்திலிருந்து ஆள் வந்து ரிப்பன் வெட்டி
பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.
கதவில் நான்கு மொழிகளில் பலகை.
தமிழ் வரி இப்படி:
'நடத்தை நலப் பிரிவு'.

முதல் வாரம் யாரும் வரவில்லை.

இரண்டாம் வாரம் இசக்கிராஜா,
சாரம் கட்டுகிறவன்,
தூக்கம் வரவில்லை என்று சொல்ல வந்தான்.
பலகையைப் படித்தான்.
பைக்குள் கைவிட்டு
பிளாஸ்டிக் உறையோடு ஒரு தாளை நீட்டினான்.
உடன்குடி காவல் நிலையம்.
'இவர் மீது வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை.'
"விசாவுக்கு வாங்கினது சிஸ்டர்.
என் நடத்தையில ஒரு குறையும் கிடையாது."

நான் சிரித்திருக்கக் கூடாது.

நான் புண்ணுக்குக் கட்டுப்போடுகிறவள்.
தமிழ் தெரியும் என்பதால்
அந்த அறைக்கும் கூப்பிடுகிறார்கள்.
பதினொரு கேள்விகள்.
எங்கோ யாரோ மொழிபெயர்த்தது.
'அன்றாடச் செயல்களில் ஈடுபாடின்மையை உணர்ந்தீர்களா?'
"எதுல சிஸ்டர்?"
சாப்பாடு ருசிக்குதா?
"மெஸ் சாப்பாடு யாருக்கு ருசிக்கும்?"
வீட்டுக்கு போன் போட்டா பேசத் தோணுதா?

ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது.
"போட்டுட்டு, பாக்கெட்ல வச்சிருவேன்.
அவ பேசிக்கிட்டே இருப்பா."

இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

பதினொன்றாவது கேள்வியை
எப்போதும் குரலை இறக்கித்தான் படிப்பேன்.
அவன் பதில் சொல்லவில்லை.
பன்னிரண்டாவதை அவன் கேட்டான்:
"இந்தத் தாள் கம்பெனிக்குப் போகுமா?"

போகாது, என்றார் டாக்டர் பத்ரியா.
சட்டமே இருக்கிறது.
எங்கே எழுதியிருக்கிறது?
கடைசிப் பக்கத்தில். அரபியில்.

அன்றிரவே அமைச்சகத்துக்கு எழுதினேன்,
என் ஆங்கிலத்தில், பிழைகளோடு:
ஐயா, எங்கள் மொழியில் 'நடத்தை' என்றால்
ஒருவனைப் பற்றி ஊர் சொல்வது.
அவன் தூக்கத்தை அல்ல.
பலகையை மாற்றுங்கள்.

பதில் வர ஆறு வாரம்.

அந்த ஆறு வாரத்துக்குள்
துறைமுகம் பக்கத்து கேம்ப்பிலிருந்து
ஒரு பெட்டி ஊருக்குப் போனது.
மிக்கேல் பர்னாந்து, கிரேன் ஓட்டி, முப்பத்துநான்கு.
தாளில் விபத்து என்றிருந்தது.
இருக்கலாம்.
ஆனால் எக்ஸ்ரே எடுக்கும் பையன் பார்த்திருக்கிறான்:
அதற்கு முந்தைய செவ்வாய்
ஏழாம் அறைக் கதவுவரை வந்து,
நின்று படித்து,
திரும்பிப் போயிருக்கிறான்.

போன் வந்தது. ஓர் அதிகாரி, பெண்.
கோபமில்லை. உண்மையாகவே கேட்டாள்:
வேறென்ன எழுதலாம்?
மனநலம் என்றால்?
பைத்தியம் என்று நினைத்துவிடுவார்கள், என்றேன்.
அப்படியானால்?
மூன்று வரி சொன்னேன். எழுதிக்கொண்டாள்.
எழுதும் சத்தம் கேட்டது.

முதல் இரண்டு வரிக்கு ஒரு வாரம்.
மூன்றாவது வரி சட்டப்பிரிவில் ஒரு மாதம் கிடந்தது.
அவள் விடவில்லை போல.
வந்தது, அரசு முத்திரையோடு:

அறை எண் ஏழு.
வெள்ளி மாலை நான்கு முதல் எட்டு வரை.
இங்கே சொல்வது கம்பெனிக்குப் போகாது.

பழைய பலகையின் ஆணித்துளைகள்
இன்னும் அடைபடவில்லை.
வெள்ளி, நான்கு இருபது.
கழற்றச் சொல்லவே இல்லை,
வாசலில் சிமெண்ட் படிந்த ஏழு ஜோடி ஷூ.
எட்டாவதாக வந்தவன்
எனக்குத் தெரியாத ஆள்,
கையில் ஹெல்மெட்.
மூன்றாம் வரியை
விரல் வைத்துப் படித்தான், இருமுறை.

"இது முன்னாடி இங்க இல்லையே?"

இல்லை, என்றேன்.
முன்னாடி இல்லை.