எட்டே நாள்

பதினெட்டாயிரம் குறைவு.
ஐசக் கால்குலேட்டரில் இரண்டு முறை போட்டுப் பார்த்தான்.
முதலில் வந்ததே மறுபடியும் வந்தது.
கோத்தகிரி மார்க்கெட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவன்,
கணக்கு தப்பாது.

"வெளிநாடுன்னா கூடக் குடுப்பாங்க மெர்லின்.
கைக்காசு நட்டப்பட பிளேன் ஏறுற ஆளை
இப்பதான் பார்க்கிறேன்."

மாதம் நாற்பத்து நாலாயிரம், ஓர் அறை,
அரை நாள் கரண்ட், வருஷத்துக்கு ஒரு டிக்கெட்.
மலாவியில் ஒரு தேயிலை ஊர்.
தியோலோ என்று எழுதிச் சோலோ என்று படிக்கிறார்கள்.
எட்டாம் வகுப்பு ஷெபா
நோட்டின் ஓரத்தில் எழுதிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"நம்ம சோலைதாம்மா. ஐ போயி ஓ வந்திருக்கு."

இன்டர்வியூ நடந்தது கட்டபெட்டு பஸ் ஸ்டாப்பில்.
அங்கேதான் சிக்னல் இரண்டு கோடு காட்டும்.
அந்தப் பக்கம் லிம்பானி என்றொருவர்.
டிப்ளமா கேட்கவில்லை, அனுபவம் கேட்கவில்லை.
போனை ட்ரையரின் விலாவில் ஒட்டிப் பிடித்து
கேளுங்கள் என்றார்.

கேட்டேன்.
ஃபேன் இரைச்சலுக்கு அடியில்
தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பிள்ளை மாதிரி ஒன்று.
வலப்பக்கப் பேரிங். கிரீஸ் காய்ந்து
வளையத்தில் கீறல் விழுந்திருக்கிறது.
பத்து நாள் தாங்கும் என்றேன்
எனக்கு வந்த இங்கிலீஷில்.
மறுமுனையில் பேனா காகிதத்தில் ஓடியது.

பதினோரு வருஷத்தில்
நான் சொன்னதை யாரும் எழுதிக்கொண்டதில்லை.
இங்கே நான் பேனலைத் திறந்தால்
முதுகுக்குப் பின்னால் ஒருவர் நிற்பார்,
கோயமுத்தூர் ஆபீசுக்குப் போன் போட்டபடி:
"லேடி வந்திருக்கு சார். இவங்க சொல்றது சரிதானா?"
போன வருஷம் வந்த புதுப் பெட்டிகளோ
தாமே வாய் திறந்து பிழை எண் பதினேழு என்கின்றன.
பழைய போர்டைக் கழற்று, புதியதை மாட்டு,
கையெழுத்து வாங்கு, அடுத்த வண்டியைப் பிடி.
மாதம் அறுபத்திரண்டாயிரம்.
காதுக்கு வேலையில்லாத அறுபத்திரண்டாயிரம்.

மரியாதைக்காகப் போகிறேன் என்றுதான்
ஐசக்கிடம் சொல்லிவைத்தேன்.
சர்ச்சில் கேட்டவர்களிடமும் அதையே.
கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் ஒன்பதாம் நாள் காலையில்
லிம்பானியிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது:
எட்டே நாள்.

உடைந்த வளையத்தின் படம் ஒன்று, கூடவே.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கீறல் நான் நினைத்த பக்கம் இல்லை.
இரண்டு நாளை எங்கே தவறவிட்டேன்?
அந்த ஊர் உயரமா, ஈரமா, விறகின் சூடா,
போனின் மைக்கா, என் இடது காதா?
இரவு இரண்டு மணிக்கு எழுந்து
பிரிட்ஜின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.
தண்ணீர் குடிக்க வந்த ஐசக் பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
அப்போதே அவனுக்குத் தெரிந்திருக்கும்.

கிண்டியில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாயிற்று.
இருபத்து மூன்று கிலோவில்
ஸ்வெட்டர் இரண்டைக் குறைத்தேன்.
அந்த இடத்தில் அவன் கடையிலிருந்து
எண்ணெய்க் காகிதம் சுற்றிய ஒரு பேரிங்கை வைத்தான்.
இதோடு இன்னும் எட்டு நாள் வாங்கிக்கோ என்றான்.
உள்ளே பில்லும் இருந்தது,
லிம்பானி பெயருக்கு, இரண்டாயிரத்து நானூறு.
பதினெட்டில் அவ்வளவு தேறிவிட்டதாம்.

வெளியே கேட்டை எதுவோ தள்ளியது.
காட்டெருமை, பக்கத்து வீட்டு முட்டைக்கோசுக்கு வந்தது.
கீல் நீளமாகக் கிரீச்சிட்டது.
ஆறு மாதமாக எண்ணெய் காணாத கீல்,
ஊரெல்லாம் போய்ச் சத்தம் கேட்கிறவள் வீட்டில்.

"அது எத்தனை நாள் தாங்கும்?" என்றான்,
பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டே,
என் முகத்தைப் பார்க்காமல்.

இன்னொரு தடவை தள்ளட்டும்,
கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.