தூங்கும்போது தொடக்கூடாது

தொழிற்சாலை வாசலில், காவல் சாவடிக்குப் பின்னால்
மின்விசிறி வந்த அட்டைப்பெட்டியில் ஐந்து பிறந்தன.
நான்கு போய்விட்டன.
மிஞ்சியதைக் காலை ஏழேகாலுக்கு
என் சோற்றுப் பையில் வைத்தார் தேக் பகதூர்,
வேண்டாம் என்று நான் இரண்டு மொழியில்
சொல்லி முடிப்பதற்குள்.

பாயான் லெப்பாசிலிருந்து சுங்கை ஆரா வரை
கம்பெனி பஸ்ஸில்
என் மடியில் சோற்றுப் பை மூச்சுவிட்டது.
பக்கத்து இருக்கை சியூ லிங் குனிந்து பார்த்தாள்,
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

என் தங்கை யசோதரா நாற்காலி மேல் ஏறினாள்.
லோஷினி நிறம் பார்த்து, 'மைலோ' என்றாள்.
சர்விந்துக்கு ஐந்து வயது. 'லோரி' என்றான்.
"நாய்க்கு யாராச்சும் லோரின்னு பேர் வைப்பாங்களா?"
"இது போகாத லோரி."

அவன் அப்பாவின் லோரி
திங்கள் விடியலில் கிள்ளான் துறைமுகம் கிளம்பும்.
வெள்ளி இரவு திரும்பும்.
சில வெள்ளி திரும்பாது.
அக்காகாரி அதற்குமேல் பேசவில்லை,
மைலோ கலக்கிக் குடிக்கப் போய்விட்டாள்.

வந்த அன்றே அதற்குத் தாங்க முடியாத அன்பு.
வாலில் ஒரு கை, வயிற்றில் ஒரு கை,
நெற்றியில் பொட்டு, கழுத்தில் பிளாஸ்டிக் மாலை.
ஈரச் சோப்பு மாதிரி வழுக்கி
மேசைக்கடியில் போய் ஒடுங்கியது லோரி.
இவன் குப்புறப் படுத்து உள்ளே கைவிட்டான்.
ரத்தம் ஒரு சொட்டு.
அழுகை தெரு முழுக்க.
"கொண்டுபோய் விட்டுடுங்கம்மா!"
கிளினிக்கில் ஊசி போட்டுத் திரும்பும் வரை
அதையே சொன்னான்.

அன்றிரவு எனக்கு வேலையில்லை.
சமையலறை மூலையில், எண்ணெய் போடாத கேட் மாதிரி
நிறுத்தி நிறுத்தி அழுதது.
நெடுஞ்சாலை ஓய்விடத்திலிருந்து கணவர் கூப்பிட்டார்:
"வாடகை வீடு ஜெகதா, ஓய் அம்மாகிட்ட என்ன சொல்லுவே?
ஆமா, அழுறது யாரு, சின்னவனா?"
"சின்னவன்தான்," என்றேன்.
பாதிப் பொய்.

அப்போது அவன் எழுந்து வந்தான்,
கட்டுப்போட்ட விரலை உயர்த்திப் பிடித்தபடி.
இன்னொரு கையில் என் பழைய கம்பெனிச் சட்டை.
"இதுல உங்க வாசனை இருக்கு.
நீங்க வேலைக்குப் போனா நான் வச்சுக்குவேன்.
இன்னிக்கு மட்டும் அதுக்கு."

அந்தச் சட்டையைத்
துவைப்பதற்காக இரண்டு மாதமாகத் தேடுகிறேன்.

மறுநாள், பச்சை மிளகாய்ச் செடிக்குக் கட்டிய வலையில்
மிச்சத்தை வேலிக்கு மேலாக நீட்டினார் ஹஸ்னா காக்.
கேட்டின் அடியில் கட்டினோம்:
லோரி இந்தப் பக்கம், அவர் வீட்டுச் செருப்புகள் அந்தப் பக்கம்.
இரவு நான் வேலைக்குப் போனேன்.

எங்கள் ஐஸ்பெட்டியில் எட்டு மாதமாக ஒரு தாள் இருக்கிறது,
எனக்கு நைட் ஷிப்ட் கிடைத்த வாரம் லோஷினி எழுதி ஒட்டியது.

அம்மா தூங்கும்போது தொடக்கூடாது.
முகத்துக்கு நேராகக் கத்தக்கூடாது.
எழுந்தவுடன் மேலே விழக்கூடாது.
சாப்பிடும்போது தொந்தரவு கூடாது.
அவங்களா வந்தா கட்டிப்பிடிக்கலாம்.

காலையில் பார்த்தேன்.
அம்மாவுக்குப் பக்கத்தில் பச்சை மையில்
'லோரியும்' என்று சேர்த்திருந்தாள்.
கோபப்படலாமா என்று யோசித்துக்கொண்டே
படுத்துத் தூங்கிப்போனேன்.

இரண்டு மணிக்கு விழிப்பு. வீட்டில் சத்தமே இல்லை.
அந்த மாதிரி அமைதியைப் பிள்ளை பெற்றவர்கள் நம்ப மாட்டார்கள்.
எட்டிப் பார்த்தேன்.
கூடத்துத் தரையில் சப்பணமிட்டு சர்விந்த்,
இரண்டு கையையும் தொடைக்கடியில் கொடுத்து,
தன் கையைத் தானே கைதுசெய்தவன் போல.
லோரி ஓரடி வந்தது. நின்றது. தும்மியது.
சுற்றிப் போய் முதுகை மோந்தது.
பிறகு அவன் முழங்காலில் தாடையை வைத்தது.

அவன் என்னைப் பார்த்து
உதட்டை மட்டும் அசைத்தான்:
தானா வந்துச்சு.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது
என் வலது செருப்பில் வார் இல்லை.
அதைப் பற்றித் தாளில் எதுவும் எழுதியிருக்கவில்லை.