மூன்றாம் எண் கதவு

இரவு ஒன்று இருபதுக்கு
இரண்டு மீட்டர் எழுபத்தெட்டு என்கிறது ஓத அட்டவணை.
அமாவாசை.
ஹாசிம் வரவில்லை, மகளுக்குக் காய்ச்சலாம்.
சுங்கை பினாங்கு முகத்துவாரத்தில்
நானும் பம்புகளும் கொசுக்களும்.

வேலை சுலபம்தான்.
கடல் ஆற்றைவிட உயர்ந்தால் மூடு.
ஆறு கடலைவிட உயர்ந்தால் திற.
சிவப்புப் பொத்தான், பச்சைப் பொத்தான்,
நேரம், கையெழுத்து.
பெண்பிள்ளையால் முடியுமா என்று நேர்முகத்தில் கேட்டார்கள்.
கடன்காரனுக்கு மூடவும் தபால்காரனுக்குத் திறக்கவும்
எனக்குத் தெரியும் என்றேன்.
சிரித்துக்கொண்டே வேலை கொடுத்தார்கள்.
இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் என்ன செய்வது என்று
அவர்களும் சொல்லவில்லை
நானும் கேட்கவில்லை.

நான் சேர்ந்த வருஷம்
அளவுக்கம்பத்தில் சிவப்புக் கோடு இரண்டு அறுபதில் இருந்தது.
பிறகு இரண்டு எழுபது.
இப்போது இரண்டு எண்பத்தைந்தில்
பெயிண்ட் இன்னும் பளபளக்கிறது.
அபாயத்தைக் குறைக்க முடியாவிட்டால்
கோட்டை உயர்த்தலாம்.

பதினொன்றரைக்கு மழை.
ஆயர் ஈத்தாம் குன்றிலிருந்து இறங்கி வருகிறது
டுரியான் தோல், ஒற்றைச் செருப்பு,
யாரோ படுத்த மெத்தை.
பதினொன்று ஐம்பத்திரண்டுக்குக் கதவை இறக்கினேன்.
இரும்பு அடியில் போய் உட்காரும் சத்தம்
எனக்குப் பிடிக்கும்
வீடு பூட்டிவிட்டுப் படுப்பதுபோல.

இரண்டாவது பம்ப்
தீபாவளிக்கு முன்பிருந்தே உதிரிப்பாகத்துக்குக் காத்திருக்கிறது.
முதலாவதும் மூன்றாவதும் இருமிக்கொண்டே இறைத்தன.
கடல் வெளியே நின்றது.
மழை உள்ளே நின்றது.
நடுவில் என் ஒரு கதவு.

கைபேசி அதிர்ந்துகொண்டே இருக்கிறது.
தண்ணி லோங்காங்கைத் தாண்டிருச்சு.
தண்ணி படிக்கட்டுக்கு வந்திருச்சு.
எங்கள் வரிசையின் மூன்றாவது வீட்டிலிருந்து சியூ லான்,
பின்னால் வாளி உருளும் சத்தத்தோடு,
அக்கா, புக்கா லா, புக்கா!
அவள் வீட்டுக்கு அடுத்தது என் வீடு.

திறந்தால் கடல் வரும்.
திறக்காவிட்டால் மழை போகாது.
முழங்கால் அளவு எப்படியும் நிச்சயம்,
அந்த முழங்கால் உப்பா உப்பில்லாததா
அது மட்டும் என் விரலில்.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள்.
அன்றிரவு அதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.
நல்ல தண்ணீரில் நனைந்த குளிர்பெட்டி
காய்ந்தால் ஒருவேளை ஓடும்.
பதில் எழுதவில்லை.
எழுத என்ன இருக்கிறது, பெர்வினா சுரேஷிடம் கேட்டிருந்தால்,
அவள்தான் எங்கள் பொறியாளர்,
கையேட்டின் பக்க எண்ணைச் சொல்லியிருப்பாள்.

இரண்டு நாற்பதுக்குக் கடல் தணிந்தது.
திறந்தேன்.
ஆறு நன்றி சொல்லாமல் போனது.

விடிந்ததும் பேருந்து லெபோ பந்தாயைக் கடக்கிறது.
கடற்கரைத் தெரு என்று பெயர்.
கரை அங்கே இல்லை,
மண் கொட்டிக் கொட்டித் தள்ளிப் போய்விட்டது.
பழைய விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு
மடியில் நிற்கிற வாடகைக்காரன்மாதிரி
சந்து சந்தாக எட்டிப் பார்க்கிறது தண்ணீர்.
அதற்கு மேலே ஒரு விளம்பரப் பலகை:
கடல் பார்த்த வீடுகள், முன்பதிவு தொடங்கிவிட்டது.
யார் யாரைப் பார்ப்பது என்று போடவில்லை.

பதிவேட்டில் எழுதியிருந்தேன்:
கதவு இயக்கம் சாதாரணம்.

மூன்று நாள் வாசல்களில் மெத்தைகள் காய்ந்தன.
சியூ லான் என்னோடு பேசவில்லை,
ஆனால் தன் துடைப்பத்தைக் கொடுத்தாள்.
நான்காம் நாள்
அவள் சமையலறைச் சுவரடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது.
கிள்ளி எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள்.
மாசின், என்றாள்.
உப்பு.

அவள் என்னைப் பார்த்தாள்.
நான் தரையைப் பார்த்தேன்,
ஓடுகளின் இடுக்கை, அதற்குக் கீழே மண்ணை,
மண்ணுக்குக் கீழே கதவே இல்லாத இடத்தை.

மூடித்தான் இருந்தது, சியூ லான்.
பதினொன்று ஐம்பத்திரண்டு.
கையெழுத்து இருக்கிறது.