கூடுதல் நேரம்

மணிக்குப் பன்னிரண்டு வெள்ளி.
மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவனுக்கு
பரீட்சை எழுதக் கொடுத்த சம்பளம் அது.

பகாவ் கடைத்தெருவில் டயர் கடைக்கு மேலே
பல்கலைக்கழகத்தின் கிளை.
இருபத்திரண்டு படி என்றாள் புஷ்பலீலா.
நான் எண்ணியதில்லை.
கீழ்க்கடையோடு என் வேலை முடிந்துவிடும்.

முன்பு எங்கள் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி.
லாரி ஏறி நின்றால் போதும்,
முள் நிற்குமுன் டன் சொல்வாள்.
சர்க்கரை முதலில் இடக்கண்ணுக்கு வந்தது,
மறு தீபாவளிக்குள் வலக்கண்ணுக்கும்.
வீட்டிலிருந்தே பட்டம் படிக்கலாம் என்று
ஒருநாள் விற்பனை அழைப்பு.
எல்லாரும் வைத்துவிடுகிற அழைப்பு.
அவள் வைக்கவில்லை.

அட்டைக்கு ஒரு பாரம்,
கட்டணக் கழிவுக்கு ஒரு பாரம்,
புத்தகம் வாசிக்கும் மென்பொருளுக்கு ஒரு பாரம்,
அதைத் தாங்கும் மடிக்கணினிக்குத் தனியாக இன்னொன்று.
எல்லாவற்றிலும் அதே கட்டம்:
குறைபாடு தற்காலிகமா, நிரந்தரமா?
நிரந்தரம் என்று நான்தான் கோடு போட்டேன்,
எட்டு முறை.
எட்டாவதில் பேனா எழுத மறுத்தது.
"அதுக்கே வெக்கமா இருக்கு போல" என்றாள்.

வந்து சேர்ந்த மென்பொருள்
தமிழ்ப் பெயரைக் கண்டால் தடுமாறும்.
பஸ்பா லைலா என்று கூப்பிடும்.
ஒரு வருடமாக
அந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்க்கிறாள்.

தேர்வு விதிகளைப் புவான் ரோஸ்னா வாசித்தார்.
சொல்வதை மட்டும் எழுது.
திருத்தாதே. யோசனை சொல்லாதே.
முகத்தால் குறிப்புக் காட்டாதே என்று தொடங்கி
அவளை ஒருமுறை பார்த்துவிட்டு
அடுத்த வரிக்குப் போனார்.

தொழிலாளர் சட்டம். நான்காம் கேள்வி.
பொது விடுமுறையில் வேலை செய்தவர்
நேரம் முடிந்தும் தொடர்ந்தால்
அந்த மணிக்கு எத்தனை மடங்கு?
"ரெண்டு."

மூன்று.
எனக்குத் தெரியும், மூன்று.
மே முதல் நாள், தொழிலாளர் தினம்,
கொதிகலன் முன்னால் பதினொரு மணி நேரம் நின்றேன்.
இரண்டுதான் போட்டார்கள்.
சம்பளச் சீட்டோடு ஆபீசுக்கு
நாலு நடை நடந்து வாங்கிய மூன்று அது.

இரண்டு என்று எழுதினேன்.
என் கையாலேயே.

மூன்று மணி நேரம் முடிந்து மற்றவர்கள் போனார்கள்.
நாற்காலிகள் இழுபட்டு அடங்கின.
அவளுக்கு மட்டும் நாற்பத்தைந்து நிமிடம் கூடுதல்.
கீழே காற்றடிக்கும் இயந்திரம் விட்டுவிட்டு இரைந்தது.
ஐந்தாம் கேள்வி முழுவதையும் அடிக்கச் சொல்லி
முதலிலிருந்து சொன்னாள்.
நான்காவதற்குத் திரும்பவே இல்லை.
அந்தப் பக்கத்தைத் தாண்டும்போது
தாளைச் சற்று உரக்கப் புரட்டினேன்.
அது விதிமீறலா, தெரியாது.
அவளுக்குக் கேட்கவில்லை.

இறங்கும்போது சொன்னேன்.
பன்னிரண்டாம் படியில் நின்றுவிட்டாள்.
"தெரிஞ்சேவா எழுதின?"
"விதி அப்படி."
மீதிப் பத்துப் படிக்கும் பேச்சில்லை.

பணம் ஐந்து மாதம் கழித்து வந்தது.
முப்பத்தாறு வெள்ளி.
கூடுதல் நேரம் மாணவருக்கான சலுகை,
எழுதித் தருபவருக்குப் பொருந்தாது என்று
கூடவே ஒரு கடிதம்.
பஸ்பா லைலா என்று தொடங்கி
மூச்சு விடாமல் வாசித்து முடித்தது மடிக்கணினி.

மேசையைத் தட்டினாள்.
"பேனா எடு, குணாளா.
பெறுநர், மாணவர் நலப் பிரிவு.
பொருள், நாற்பத்தைந்து நிமிடம்."
ஒன்பது வெள்ளிதானே, விடு என்றேன்.
"ஒன்பது இல்ல. ஓ.டி., ஒன்றரை மடங்கு.
பதிமூணரை."

பெருக்கிப் பார்த்தேன். சரிதான்.

கடைசி வரி வரை சொல்லிவிட்டு
என் பக்கமாகக் காதைச் சாய்த்தாள்.
"தப்பிருந்தா இப்பச் சொல்லு.
இது பரீட்சை இல்ல."

தேதி போட மறந்திருந்தாள்.
சொன்னேன்.