மூன்றாம் எண் கல்

கதவைத் தாழிட்டதும்
எல்லோரும் முதலில் மறைப்பது ஒரே இடத்தைத்தான்.
மார்பை அல்ல.
அதற்கும் கீழே, தொப்புளைச் சுற்றி,
பிள்ளை இருந்துபோன இடத்தை.
பிள்ளையே பெறாதவர்களும்
அங்கேதான் கை வைக்கிறார்கள்.

ஸாரி என்கிறார்கள்
அரபியில், மலையாளத்தில், தகாலோகில்.
ஒருத்தி மட்டும் ஒன்றும் சொல்லாமல்
மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள்.
எவ்வளவு நேரம்தான் பிடிப்பாய் அம்மா,
இது நாற்பத்தைந்து நிமிட வேலை.

முஹரக்கில்
விமானங்கள் உச்சந்தலையை உரசி இறங்கும் தெருவில்
மொராக்கோ குளியல் என்று பலகை மாட்டிய கடை.
மூன்றாம் எண் கல் என்னுடையது.
சட்டையில் குத்தியிருக்கும் பெயர் ராணி.
ஜெபராணி நீளம் என்று
ஜெபத்தை வெட்டிவிட்டாள் முதலாளியம்மா.

கறுப்பு சோப்பைப் பூசி
ஆவியில் பத்து நிமிடம் ஊறவிட்டு
சொரசொரப்பு உறையை மாட்டித் தேய்த்தால்
பிசைந்த கையில் மாவு திரள்வதுபோல்
உருண்டு உருண்டு வரும் செத்த தோல்.
சாம்பல் நிறம்.
கல்யாணப் பெண்ணுக்கும் அதே நிறம்
அவளோடு வந்த ஆயாவுக்கும் அதே நிறம்.

ஒருத்தியின் முதுகில் மூன்று மச்சம்.
சொன்னேன்.
திரும்ப எண்ணிப் பார் என்றாள்.
மூன்றுதான்.
பதினாறு வருஷம், அவர் சொன்னதேயில்லை என்று சிரித்தாள்.
அப்புறம் சிரிக்கவில்லை.

ஒரு பக்கம் மார்பு எடுத்தவள்தான்
எதையும் மறைக்காதவள்.
இங்கே மரத்துப்போச்சு, விடு,
இங்கே நன்றாக அழுத்து என்று
கால் நீட்டிப் படுத்தாள்.
ராணி என்றால் அவள்.

நான் இருப்பது குதைபியாவில், ஒரு கட்டில் இடம்.
ஆறு பேருக்கு ஒரு குளியலறை,
ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
ஆகஸ்டில் குழாய்த் தண்ணீர் கொதிக்கும்.
ஹீட்டரை அணைத்துவைத்து
அதற்குள் ஆறிய தண்ணீரில்தான் குளியல்.
நைட்டிக்குள்ளேயே கழற்றி
நைட்டிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும் வித்தை
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
சுவரில் முகமளவுக் கண்ணாடி.
கழுத்துக்குக் கீழே என்னைக் கடைசியாகப் பார்த்தது
விசா மெடிக்கலில் எக்ஸ்ரே மிஷின்.

கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கேன் என்பான் அவன்,
குரலைத் தாழ்த்தி, ஊரிலிருந்து.
மேல் கட்டிலில் ரோஸ்லின் புரண்டு படுப்பாள்.
நான் ஃபேனைக் காட்டுவேன்.

நோன்பு மாதத்துப் பிற்பகல்.
ஆளில்லை. ஆவி மட்டும் வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது.
நாமி, என்றாள் ஹயாத், நான்காம் எண்காரி.
படு.
எனக்கெதுக்கு என்றேன்.
கல்லில் ஒரு கிண்ணம் வெந்நீர் ஊற்றி
தட்டிக் காட்டினாள், பசுவைக் கூப்பிடுகிற மாதிரி.

எத்தனையோ ஆயிரம் வயிற்றைத் தேய்த்த கை
என்னைக் கேட்காமல் போய்
என் தொப்புள்மேல் உட்கார்ந்தது.
ஸாரி என்றது வாய்.

ஹயாத் அந்தக் கையை
ஈரத் துண்டை எடுப்பதுபோல் எடுத்து
பக்கத்தில் வைத்தாள்.
கோணலாய்ப் போன ஆபரேஷன் தையலைத்
தையல் போகும் வழியிலேயே தேய்த்தாள்.
தலை தூக்கிப் பார்த்தேன்.
எனக்கு மட்டும் கறுப்பாய் வரும் என்று நினைத்திருந்தேன்,
சின்ன வயதிலிருந்து.
சாம்பல்தான்.

குப்புறப் போட்டாள்.
முழங்காலுக்குப் பின்னால்
மடிந்து மடிந்து கிடக்கும் அந்த மெத்தென்ற இடம்,
யாருக்கும் வேலையில்லாத இடம்,
அங்கே வெந்நீர் விழுந்தபோது
தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.
என்னுடையதா என்று எனக்கே சந்தேகம்.
நல்ல வேளை, ஒரு விமானம் இறங்கியது.
நல்ல வேளையா, தெரியவில்லை.

இரவு அவன் கூப்பிட்டான்.
கீழே இறக்கேன் என்றான், பழக்கத்தில்.
போர்வைக்குள் போனைக் கொண்டுபோய்
முழங்காலின் பின்பக்கத்தைக் காட்டினேன்.
என்ன இது, ஒன்றும் தெரியவில்லையே என்றான்.
யோசி என்றேன்.
மேல் கட்டிலில் ரோஸ்லின்
சிரிப்பை அடக்கும் சத்தம்.