அடியெழுத்து

முதலில் குண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்,
எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும்,
எத்தனை பேர் "காலிதான்" என்று சத்தியம் செய்திருந்தாலும்.
உருளையைப் பக்கவாட்டில் திறந்தேன். ஆறு அறைகள்.
ஐந்தில் தூசி. ஒன்றில் சிலந்தி முட்டை.

நெப்ராஸ்காவில் பிப்ரவரி. கவுன்டி நீதிமன்றத்தின் நிலவறை.
எழுத்தர் இர்மா ஸ்டோல்ட்ஸ்
கையுறையைக் கழற்றாமலே காபி குடிக்கிறாள்.
கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம்,
வெள்ளிக்கிழமைக்குள் முப்பத்தொரு துப்பாக்கிக்கும்
வயது வேண்டும், விலை வேண்டும்.

இது பதினேழாவது.
விசைக் காப்பில் கம்பியால் கட்டிய அட்டைச் சீட்டு,
பழுப்பேறிய மையில் வலப்பக்கம் சாய்ந்த எழுத்து:
எல்பர்ட் குயின், ஹோபார்ட் லின்ட்க்விஸ்டைச் சுட்டது.
அக்டோபர் 1902.
"ஓ, அதுவா" என்றாள் இர்மா.
"மார்ச்சில் தூக்கிலிட்டார்கள். அன்றைக்குப் பனியாம்."

குழலின் மேல் 1889 என்று பொறித்திருக்கிறது.
எல்லோரும் வழுக்கி விழும் இடம் அது.
காப்புரிமை வாங்கிய ஆண்டு:
யோசனை பிறந்த நாள், பிள்ளை பிறந்த நாள் அல்ல.
உருளையைத் தாங்கும் கையில் மூன்று இலக்கம்.
அதுவும் அல்ல. எந்தக் கை எந்தச் சட்டத்துக்கு என்று
மறந்துபோகாமலிருக்கப் பட்டறையில் போட்ட குறி.

மனிதருக்குத் தலையெழுத்து.
இதற்கு அடியெழுத்து,
பிடியின் அடிப்பாகத்தில், உள்ளங்கை மறைக்கும் இடத்தில்.
ஒரு சொட்டு எண்ணெய், பழைய பல்துலக்கும் பிரஷ்,
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்
நிழல் விழுந்து இலக்கங்கள் எழுந்து நிற்கும்.
2 எழுந்தது.
அடுத்தது எழவில்லை.
பிறகு 4, 1, 7.

மூன்றா, எட்டா?
உருளையின் பின்முகத்திலும் அதே எண் இருந்திருக்கும்;
அங்கே எனக்கு முன்னால் துரு வந்து படித்துவிட்டது.

என் பட்டியலைப் புரட்டினேன்.
இருபத்து மூவாயிரத்துச் சொச்சம் என்றால்
1902 வசந்தம். சீட்டு சொல்வது சரி.
இருபத்தெட்டாயிரம் என்றால் 1906.
குயினைத் தூக்கில் போட்டு மூன்று பனிக்காலம் கழித்து
யாரோ ஒருவன் இதற்கு முதல் திருகை முடுக்கியிருக்கிறான்.

பிடியின் திருகு அசையவில்லை.
எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம்.
இர்மா தன் மகனின் பனிவண்டி பற்றி ஏதோ சொல்லத் தொடங்கி
நடுவில் நிறுத்திவிட்டாள்.

மரத்தகடு ஒரு பல்லைப்போல் பெயர்ந்து வந்தது.
உள்பக்கம், வெளிச்சமே படாத வால்நட்டில்,
தொழிலாளி பென்சிலில் எழுதியது
நேற்றுச் சாயங்காலம் எழுதியது போலிருந்தது:
28417.
எட்டின் இரண்டு வயிறும் நன்றாக உருண்டிருந்தன.

"சீட்டு மாறியிருக்கும்" என்றாள்.
"ஒருமுறை வெள்ளம் வந்து எல்லாவற்றையும்
புல்வெளியில் பரப்பிக் காயவைத்தார்களாம்."
இருக்கலாம். எண் அதற்கு மேல் பேசாது.
குயின் சுடவில்லை என்று அது சொல்லவில்லை.
இதனால் சுடவில்லை,
அவ்வளவுதான்.

சீட்டோடு விற்றால் நான்கு மடங்கு கிடைக்கும்.
இதை நான் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும்.
படிவத்தில் ஆண்டுக்கு ஒரே ஒரு கட்டம்.
1906 என்று எழுதினேன்.
கம்பியை அறுத்தபோது விசைக் காப்பில்
அது கிடந்த தடம் வெளுப்பாக மோதிரம்போல் நின்றது.

இர்மா சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்,
பின்பக்கத்தையும்.
"இதுவரை பார்த்ததில்
1902க்கு முந்தியது எத்தனை?"
"ஒன்பது."
"இன்னும் பதினாலு இருக்கிறது" என்றாள்.
காபியைத் தரையில் வைத்துவிட்டு
முதல் முறையாகக் கையுறையைக் கழற்றினாள்.