மூன்றாம் பக்கம்

மெத்தை விற்கும் கம்பெனியில்
சொற்களுக்குப் பொறுப்பு நான்.
ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட், இருபத்தேழாவது மெயின்,
கீழே மோமோ கடை, மாடியில் நாங்கள் ஒன்பது பேர்.
தேடுகிறவர்கள் கண்ணில் நாங்கள் பட வேண்டும்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதல் மாதம் வந்தவர்கள் பதினொரு பேர்.
அதில் ஒன்பது பேர் நாங்கள்.
பத்தாமவர் ஷ்ரேயான்ஸின் மாமியார், ஜோத்பூரிலிருந்து.
பதினோராவது ஆள் யாரென்று
பாவனா ஹெக்டே ஒரு மதியம் முழுக்க யோசித்தாள்.
வழிதவறி வந்தவராக இருக்கும் என்றேன்.
இருக்கட்டுமே, வந்தாரே, என்றாள்.

எங்கள் பெயர் அப்போது மூன்றாம் பக்கத்தில்.
மூன்றாம் பக்கம் என்பது
கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தி.
இலை உண்டு, உப்பு உண்டு,
பாயசம் தீர்ந்திருக்கும்.

ஷ்ரேயான்ஸுக்குப் பிடித்த சொற்கள்:
ஏழடுக்கு நுரை, முதுகெலும்பின் தோழன்.
இப்படி ஒருத்தரும் தேடுவதில்லை சார் என்று
எண்களைக் காட்டினேன்.
மாதத்துக்குப் பூஜ்ஜியம்.
சுத்தமான, உருண்டையான பூஜ்ஜியம்.

ஜனங்கள் தேடுவது வேறு.
இடது பக்கம் படுத்தால் தோள் ஏன் வலிக்கிறது
குறட்டை விடுகிறவரை எழுப்பாமல் திருப்புவது எப்படி
மெத்தையில் குழந்தை மூத்திர வாடை போக
டைவர்ஸுக்குப் பின் டபுள் காட் விற்கலாமா
ராத்திரி மூணு மணிக்கே ஏன் முழிப்பு வருகிறது

இந்தக் கடைசி வரியை மட்டும்
மாதம் நாற்பதாயிரம் பேர் தட்டுகிறார்கள்,
எழுத்துப்பிழையோடு இன்னும் ஆறாயிரம்.
பிழையோடு தட்டுகிறவர்கள்
மூக்குக்கண்ணாடியை எடுக்காமலே
இருட்டில் தட்டுகிறவர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.
எண்களில் அது வராது.

அந்த ஆறாயிரம் பேருக்காக எழுதினேன்.
மெத்தை என்ற சொல்லை
நாலாவது பத்திக்குக் கீழே தள்ளினேன்.
தண்ணீர் குடிக்க எழுந்தால் லைட்டைப் போடாதீர்கள்.
மணி பார்க்காதீர்கள்.
போனைக் கவிழ்த்து வையுங்கள்.
(போனில் படிக்கிறவரிடம்தான் இதைச் சொல்கிறேன்.)

பிறகு ஒன்றும் நடக்கவில்லை.
திங்கள்தோறும் பெரிய திரையில் கோட்டைக் காட்டுவோம்,
கோடு படுத்தே கிடக்கும்.
நம்ம மெத்தையில்தான் படுத்திருக்கு போல, என்றாள் பாவனா.
ஷ்ரேயான்ஸ் சிரிக்கவில்லை.
விளம்பரத்துக்குப் பணமும் இல்லை.
தலைப்பை மாற்றினேன், ஒரு சொல், பிறகு அரைச் சொல்.
பழைய பக்கங்களிலிருந்து புதியதற்கு
வாசல் திறந்து வைத்தேன்.
மல்லேஸ்வரத்துப் பிசியோதெரபிஸ்ட் ஒருவர்
கேட்காமலே எங்களைச் சுட்டிக்காட்டினார்.
அவருக்கு ஒரு தலையணை அனுப்பினோம்.

ஆறாம் மாதம்
கோடு முழங்காலை மடக்கி
எழுந்து உட்கார்ந்தது.
இரண்டாம் பக்கம். முதல் பக்கத்தில் ஒன்பதாவது.
ஏழு. திரும்ப ஒன்பது. நான்கு.
இப்போது ராத்திரிக்கு நானூறு பேர் வருகிறார்கள்.
இரண்டு நிமிடம் பத்து விநாடி இருக்கிறார்கள்.
சத்தமில்லாமல் போய்விடுகிறார்கள்.
மெத்தை வாங்கியவர்கள் மொத்தம் ஏழு.

இத்தனை பேர் வந்தும் ஏன் வாங்கவில்லை?
தூக்கம் வராதவர்
ஏற்கெனவே ஒரு மெத்தையில்தான் படுத்திருக்கிறார் சார்.

பொம்மனஹள்ளி பி.ஜி.யில் எனக்குக் கொடுத்தது
இரண்டு அங்குலத் தேங்காய் நார்.
ஜின்ஸிக்கு நைட் ஷிஃப்ட், அவள் கட்டில் காலி.
வெளியே தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும் ஓசை.
கண் திறந்தது. தட்டினேன்.
முழிப்பு என்பது முளிப்பு என்று விழுந்தது.
நாலாவதாக நாங்கள்.
என் வாக்கியங்களை யாரோ எழுதியதுபோல்
மெதுவாகப் படித்தேன்.
மணி பார்க்காதீர்கள் என்றது.
பார்த்தேன். மூன்று பதினாறு.

நேற்று பெங்களூரிலிருந்தே ஒருத்தர்,
ஒரே பக்கத்தில் நாற்பது நிமிஷம், என்றாள் பாவனா.
நான் காபி மெஷின் பக்கம் போனேன்.
திரும்பி வரும்போது
அந்த வரிசைக்குப் பச்சை அடித்திருந்தாள்,
ஓரத்தில் ஒரு குறிப்போடு:
வாங்கக்கூடியவர்.